முதலில் நம்பிக்கை, பிறகு காரணம்

டிசம்பரில் உந்துவப் போயாவோடு சிவனொளிபாத மலைக்குப் போகும் பருவம் தொடங்குகிறது. எம்பிலிப்பிட்டியவிலிருந்து பெல்மதுளை வழியாக இரத்தினபுரி போகும் பஸ்களிலும் அந்தக் கூட்டம் ஏறும். உச்சியில், 2,243 மீற்றர் உயரத்தில், பாறையில் ஒரு பள்ளம். பௌத்தருக்கு அது புத்தரின் பாதம், இந்துக்களான நமக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு பாவா ஆதமுடையது. பாறையை ஆராய்ந்து இந்த முடிவுக்கு வந்தவர் யார்? பிறந்த வீட்டில் சொன்னதுதான் அங்கே தெரிகிறது.

ஆகவே மனிதரை நம்பிக்கைக்குள் கொண்டுவருவது சொந்தச் சாய்வுதான் என்கிறோம். அறிவு பின்னால் வந்து அதற்காக வக்கீல் வேலை பார்க்கிறது. இதைச் சொல்லிக்கொண்டு, பிள்ளையின் காய்ச்சலுக்கு மாரியம்மனிடம் நேர்த்தி வைக்கும் லயத்துத் தாயைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு நாங்கள் சேரமாட்டோம். படித்தவர்களும் புதுவீடு புக நல்ல நேரம் பார்க்கிறார்கள். காரணத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள்.

கேரளத்தில் பாதிரியாரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர் ஆபிரகாம் கோவூர். அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபா என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வெல்லவில்லை. கதிர்காமத்துக் கூட்டமும் குறையவில்லை. தர்க்கம் கொண்டுவராத ஒன்றைத் தர்க்கத்தால் மட்டும் வெளியேற்ற முடியாது. ஆனாலும் அவர் பேயோட்டிகளின் பிழைப்பில் கை வைத்தாரே, அந்தத் துணிச்சல் இன்றும் தேவை.

அங்குத்தர நிகாயத்தில் புத்தர் காலாமர்களுக்குச் சொன்ன உபதேசம் இங்கே உதவும். பரம்பரையாக வந்தது என்பதற்காக ஏற்காதே என்பதை மட்டும்தான் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். தர்க்கத்துக்குப் பொருந்துகிறது என்பதற்காகவும், ஏற்கெனவே நாம் கொண்ட கருத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்காகவும் ஏற்காதே என்று அவர் மேலும் சொல்கிறார். அறிவு, சாய்வு இரண்டுக்குமே தடை! பேராசையையும் பகையையும் வளர்க்கிறதா என்று விளைவைப் பார்க்கச் சொல்கிறார். பன்சலையோ கோவிலோ பள்ளிவாசலோ சபையோ, அயலவனைப் பகைக்கச் சொல்கிற எந்தப் போதனையும் இந்தச் சோதனையில் தேறாது. பேயோட்டுகிறேன் என்று தோட்டத்துச் சம்பளத்தை வாங்கிப் போகிறவரும் தேறமாட்டார்.

உங்கள் நம்பிக்கையோ நம்பிக்கையின்மையோ எங்கிருந்து வந்தது? அடுத்த இதழுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாமென்றால் போடமாட்டோம்.