கருவூட்டல் பயிற்சியில் இணையவழிப் பாடத்தின் இடம்

நமது நாட்டில் மாடுகளுக்குச் செயற்கை முறைக் கருவூட்டல் முதன்முதலாக 1939-ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் நடைபெற்றது. அந்நாள் தொட்டு இக்கலை ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் பெரும்பாலும் நேர்முகமாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் பொருட்டுக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, கால்நடை மருத்துவப் பாடங்களும் இணையவழிக்கு மாறின. கல்லூரிகள் மீண்டும் திறந்த பின்னரும் அவ்வழி அடைபட்டுவிடவில்லை. ஆகவே, அதற்குரிய இடம் யாது என்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் தெளிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

ஏனைய கைத்தொழில்களில் ஆசிரியரின் கையைப் பார்த்தே பெரும்பகுதியைக் கற்றுவிடலாம். கருவூட்டலில் அதற்கு வழியில்லை. மலக்குடலினுள் சென்ற ஒரு கை, அதன் சுவரின் ஊடாகக் கருப்பை வாயைப் பற்றுகிறது. மற்றொரு கை கருவியைப் பிறப்புவழியே செலுத்துகிறது. உள்ளே நிகழ்வதை அருகில் நிற்பவர் காண்பதற்கில்லை. இக்குறையை இணையவழிப் பாடம் நன்கு நீக்குகிறது. கருப்பை வாயின் மடிப்புகளைக் கருவி கடந்து செல்வதையும், விந்து எவ்விடத்தில் இடப்பட வேண்டும் என்பதையும் அசையும் படங்களால் விளங்கக் காட்டலாம். பசு பருவத்திற்கு வருவதன் அறிகுறிகள், -196 பாகை செல்சியஸ் குளிரில் திரவ நைட்ரஜனில் காக்கப்படும் உறைவிந்தைக் கையாளும் முறை ஆகியவற்றையும் முகாமுக்கு வருமுன்னரே பயின்றுவிடலாம்.

எனினும், கண் கண்டதெல்லாம் கைக்கு வந்துவிடாது. கருப்பை வாயின் உறுதியும் கருப்பையின் மென்மையும் தொட்டே அறியத்தக்கவை. பசு முக்கும்போது கையைத் தளர்த்திப் பொறுத்திருக்கும் பழக்கத்தைப் பசுவே கற்பிக்க வல்லது. சினைப்பசு என்றறியாது கருவியைச் செலுத்தினால் கரு சிதையக்கூடும். கருவூட்டல் பலிக்காவிடில் அடுத்த பருவத்திற்கு ஏறத்தாழ 21 நாட்கள் காத்திருத்தல் வேண்டும். அந்நாட்களிலும் தீவனச் செலவு நிற்பதில்லை. ஒரே பசுவை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று. பயிற்சியில் நாம் விட்ட குறைக்கு அக்குடும்பமே விலை கொடுக்கிறது.

ஆதலின், இணையவழிப் பாடத்தால் மிச்சமாகும் நேரத்தைப் பயிற்சி நாட்களிலிருந்து குறைத்தல் தகாது. அந்நேரம் முழுவதும் கொட்டகைக்கே உரியதாகும். முதலில் பாடம், அடுத்து வெட்டியெடுக்கப்பட்ட உறுப்புகளில் பழக்கம், பின்னர் ஆசிரியரின் மேற்பார்வையில் உயிருள்ள பசுக்களில் பயிற்சி என்ற வரிசையே பொருத்தமானது. ஒரே பசுவைப் பலர் அடுத்தடுத்துச் சோதித்து அதனை வருத்தாதிருத்தலும் கடமையாகும். பாடங்கள் அந்தந்த மாநில மொழியில் அமைதல் வேண்டும். இணைய இணைப்புக் குன்றிய ஊர்களிலும் பயன்படுமாறு, முன்னரே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள அவை இடந்தர வேண்டும். களத்திற்குச் சென்ற பின்னரும் ஐயம் எழும்போது ஊழியர் அவற்றை மீண்டும் பார்க்கலாம்.

சான்றிதழ் வழங்குவதில் மட்டும் தளர்ச்சி கூடாது. பாடம் முழுவதையும் பார்த்து முடித்தமைக்குச் சான்று வேறு, பசுவைத் தொடும் தகுதிக்குச் சான்று வேறு. பின்னதை, மாணவரின் கைவேலையை நேரில் சோதித்த ஆசிரியரே வழங்குதல் வேண்டும்.