கைகோக்கும் முன் கணக்கு

தொண்டு நிறுவனங்கள் தனித்தனியே பாடுபடுவதைவிட இணைந்து செயல்படுவதே நன்று என்பதை மறுப்பவர் எவரும் இலர். ஆயினும், அவ்வாறு இணைந்தவை ஏன் சில ஆண்டுகளிலேயே பிரிந்துவிடுகின்றன என்று ஆராய்வோர் குறைவு. அறக்கட்டளைகளின் கணக்குகளைக் கையாண்டுவரும் வங்கி அலுவலர் என்ற முறையில் நான் கண்டது இது: கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் குறிக்கோள் வேறுபாட்டால் முறிவதில்லை, கணக்கில் தெளிவின்மையால் முறிகின்றன.

நான் முன்பு பணியாற்றிய கிளையில் இரண்டு அறக்கட்டளைகள் கணக்கு வைத்திருந்தன. ஒன்றிடம் கட்டடம் இருந்தது. மற்றொன்றிடம் ஆசிரியர்கள் இருந்தனர். இரண்டும் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தின. நன்கொடை முழுவதும் கட்டடம் வைத்திருந்த அறக்கட்டளையின் கணக்கிலேயே வரவாயிற்று. எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இல்லை. இரு தலைவர்களின் நட்பே ஒப்பந்தம். அவர்களுள் ஒருவர் காலமானபின், புதிய அறங்காவலர்கள் ஆசிரியர் ஊதியத்துக்கு ஆதாரம் கேட்டனர். காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. ஒரு ரூபாயைக்கூட எவரும் தவறாகக் கையாளவில்லை. எனினும் வகுப்பு நின்றுபோயிற்று. கணக்கில் பணம் இருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் உண்டு. 1998 ஜூன் மாதப் புயலுக்குப் பின்னர், அங்குப் பணியாற்றிய தொண்டு நிறுவனங்கள் 'கட்ச் நவநிர்மாண் அபியான்' என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. 2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, அக்கூட்டமைப்பு கிராமத் தொகுதிகளில் 'சேது' என்ற பெயரில் மையங்களை அமைத்தது. சேது என்றால் பாலம். கிராமங்களின் இழப்பையும் தேவையையும் திரட்டி அரசுக்கும் உதவ வந்தோருக்கும் தெரிவிப்பது, அரசின் மறுவாழ்வுத் திட்டங்களை மக்களுக்கு விளக்குவது ஆகியவை அவற்றின் பணிகள். இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. பேரிடர் வருமுன்பே அந்த உறவு உருவாகியிருந்தது. மேலும், பணத்தைக் கைமாற்றாமலே நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளக்கூடியவை பல உண்டு.

இரண்டாவது பாடம் இன்று மிகவும் தேவைப்படுவது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அத்தகைய நன்கொடையைப் பெறும் நிறுவனம் அதனை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர இயலாது. உள்நாட்டு நன்கொடைக்கும் ஒரு வரம்பு உண்டு. வருமான வரி விலக்கு பெறும் அறக்கட்டளை, பொதுவாகத் தன் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த விதியின்படி, மற்றோர் அறக்கட்டளைக்கு அளிக்கும் நன்கொடையில் 85 விழுக்காடு மட்டுமே அவ்வாறு செலவிட்டதாகக் கருதப்படும். அதாவது ரூ.100 வருமானத்தில் ரூ.85ஐ இன்னோர் அறக்கட்டளைக்குக் கொடுத்தால், ரூ.72.25 மட்டுமே கணக்கில் சேரும்.

பணம் கைமாறிக்கொண்டே போனால் இறுதிப் பயனாளியை அடைந்ததா என்று அறிவது கடினம் என்னும் அரசின் கவலை நியாயமானதே. ஆயினும், பெரிய நிறுவனத்திடமிருந்து நிதி பெற்று இயங்கிய சிற்றூர் அமைப்புகளுக்கு இவ்விதிகள் இடர் தருவதையும் மறைக்க வேண்டியதில்லை. சட்டம் தடுப்பதும் தளர்த்துவதும் பணப் பரிமாற்றத்தையே; பணிப் பகிர்வை அன்று. ஒரு நிறுவனம் ஆசிரியர் ஊதியத்தையும் மற்றொன்று நூல்களின் செலவையும் தத்தம் கணக்கிலிருந்தே செலுத்தி, ஒரே பள்ளியில் பணியாற்றலாம்.

ஆகவே, இணைய விரும்பும் நிறுவனங்கள் முதலில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். எந்தச் செலவு யாருடையது, யார் கையொப்பமிடுவது, எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை கணக்குகளை ஒப்பிட்டுப் பார்ப்பது, பிரிய நேர்ந்தால் பொருள்கள் யாருக்கு உரியவை ஆகிய நான்குக்கும் அதில் விடை இருக்க வேண்டும். இரு தரப்பின் அறங்காவலர் குழுவும் தீர்மானம் நிறைவேற்றி அதனை ஏற்க வேண்டும். தணிக்கையாளரிடம் முன்னதாகவே காட்டிவிடுவது நலம்.

இத்தனை தாள்கள் தொண்டு மனப்பான்மையைக் குலைத்துவிடாவா என்று சிலர் கேட்கக்கூடும். நண்பர்கள் இருக்கும்வரை ஒப்பந்தம் பெட்டியிலேயே கிடக்கலாம். அவர்கள் இல்லாத நாளில் அதுவே அவர்களுக்காகப் பேசும்.

நம் வாடிக்கையாளர்களுள் அறங்காவலர்களும் நன்கொடையாளர்களும் பலர். கூட்டுத் திட்டம் ஒன்றுக்குக் காசோலை எழுதுமுன், "உங்களிடையே எழுத்தில் உடன்பாடு உண்டா?" என்று ஒருமுறை கேளுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் முன்னோர். அறத்தில் இடுவதையும் அளந்து இடுவோம்.