மூச்சு யார் கையில்?



விண்வெளிக் குடியிருப்பில் ஒரு கொலை நடந்து, அதைத் துப்பறிகிற மாதிரி நல்ல நாவல் இருந்தால் சொல்லுங்கள் என்று எட்டயபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ப்ளஸ் டூ படிக்கும் மகளுக்காகக் கேட்கிறாராம். கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அவருக்கான பதில்தான்.

முதலில் சுஜாதா. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வை மகளுக்குத் தயங்காமல் கொடுங்கள் அம்மா. கதை நடப்பது 2021-ல். குழந்தை பெற்றுக்கொள்ளக்கூட அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டிய காலம். நிலாவின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். அவள் தேடப் புறப்படுகிறாள், துணைக்கு ஜீனோ என்ற இயந்திர நாய். மர்மக் கதையின் வேகமும் அறிவியல் கற்பனையும் இவ்வளவு இயல்பாகக் கலந்த தமிழ்க் கதை வேறொன்று சட்டென்று என் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அது பூமியில் நடக்கும் கதை.

வேற்றுக் கோளுக்கு ஐசக் அசிமோவிடம் போக வேண்டும். அறிவியல் கதையில் துப்பறிதல் எடுபடாது, கடைசியில் ஏதாவது புதுக் கருவியைக் காட்டி முடிச்சை அவிழ்த்துவிடலாமே என்பது ஜான் கேம்பல் என்ற பத்திரிகை ஆசிரியரின் எண்ணம். அது தவறு என்று காட்டவே அசிமோவ் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ எழுதினார். 1954-ல் புத்தகமாக வந்தது. அந்த உலகத்தின் விதிகளை வாசகருக்கு முன்பே சொல்லிவிட்டு, அவற்றுக்குள்ளேயே குற்றவாளியைப் பிடித்தார். 1957-ல் வந்த ‘தி நேக்கட் சன்’, மனிதர்கள் குடியேறிய சொலாரியா என்ற கோளில் நடக்கிறது. அங்கே யாரும் யாரையும் நேரில் பார்ப்பதில்லை, எல்லாப் பேச்சும் திரையில்தான். அருகில் போகாமல் செய்யவே முடியாத கொலை ஒன்று அந்த ஊரில் நடந்துவிடுகிறது.

இப்படி ஒரு நாவல் தூத்துக்குடிக் கரையிலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை. காரணம் இருக்கிறது.

விண்வெளிக் குடியிருப்பில் காற்று இலவசம் கிடையாது. ஒருவருக்கு நாளைக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அவர் வெளியே விடும் கரியமில வாயு சுமார் 1 கிலோ. சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீரையும் வியர்வையையும் சுத்திகரித்து 98 சதவீதத் தண்ணீரை மீட்டுவிடுகிறார்கள். எல்லாமே அளந்து எழுதி வைக்கப்படும் ஊர் அது. ஒரு நாள் கணக்கில் 840 கிராம் மிச்சமானால், யாரோ மூச்சு விடவில்லை என்று அர்த்தம். பிணம் அகப்படும் முன்பே கணக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். கல்லோடு கடலுக்குள் இறங்குபவர் மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள், தன் தங்கையின் தாலி அதில் இருக்கிறது என்பதால் கைவிட மாட்டான் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. செவ்வாய்க் குடியிருப்பில் காற்றுக் குழாயின் வால்வு யார் கையில் இருக்கும்? அவர் உங்களுக்கு என்ன உறவு? கத்தியோ விஷமோ வேண்டாம், வால்வை ஒரு திருகு திருகினால் போதும்.

அடுத்த கேள்வி இன்னும் பெரியது. யார் விசாரிப்பது? விண்கலமும் அதிலிருப்பவர்களும் அதைப் பதிவு செய்த நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் என்கிறது 1967-ன் விண்வெளி ஒப்பந்தம். குற்றம் சாட்டப்பட்டவர் எந்த நாட்டவரோ அந்த நாடு விசாரிக்கலாம் என்கிறது சர்வதேச விண்வெளி நிலையத்துக்கான 1998 உடன்படிக்கை. நிரந்தரமாகக் குடியேறி, பிள்ளை குட்டிகளோடு அங்கேயே வாழப் போகிறவர்களுக்கு எந்தச் சட்டம்? அந்த ஊரை நடத்துவதே ஒரு கம்பெனி என்றால்?

எட்டயபுரத்துக்காரர்கள் இதற்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். பக்கத்திலிருக்கும் கயத்தாற்றில்தான் 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். விசாரித்துத் தண்டனை சொன்ன மேஜர் பானர்மேன் ஒரு வணிகக் கம்பெனியின் படை அதிகாரி. கட்டபொம்மனுக்கு எதிரான போரில் எட்டயபுரம் பாளையம் கம்பெனியின் பக்கம் நின்றது. அதற்கும் முன்பே போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் முத்துக்காக இந்தக் கரைக்கு வந்திருந்தார்கள். எங்கிருந்தோ வந்தவர் சட்டம் எழுத, யார் பக்கம் நிற்பதென்று உள்ளூர்க்காரர் முடிவெடுத்தாக வேண்டிய நெருக்கடியை இந்த மண் வாழ்ந்து பார்த்திருக்கிறது. நம் எழுத்தாளர் செவ்வாய்க்குக் கொண்டுபோக வேண்டிய சரக்கு இதுதான்.

வானமும் இங்கே அந்நியமில்லை. 1882-ல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, ‘ஞானரத’த்தில் கதைசொல்லியை உலகம் உலகமாக அழைத்துப் போனவர். இதே மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. அங்கிருந்து நேர் தெற்கே ஏவலாம். இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம். முத்துக்குளித்த கடலின் மேலே ராக்கெட் பறப்பதை அந்த மாணவி பார்க்கப் போகிறாள்.

எழுதுங்கள். வயதும் பெயரும் முக்கியமில்லை, கையெழுத்துப் பிரதியானாலும் சரி. முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்புங்கள். கொலையாளி யார் என்பதைத் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி அனுப்புங்கள். கதையைப் படித்து முடித்த பிறகுதான் அதைப் பிரிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்