பக்கங்கள் பல இருக்கலாம், பெயர் ஒன்றாக இருக்கட்டும்

ஒரே வணிகம் பல சமூக ஊடகக் கணக்குகளை நடத்துவது இன்று கண்டியில் வழமையான விற்பனை உத்தி. வாவியைச் சுற்றியுள்ள தங்குவிடுதிகள், நகரத்துப் புடவைக் கடைகள், மாத்தளை வீதியின் வாசனைத் திரவியத் தோட்டங்கள் எனப் பல தரப்பினருக்கும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், வட்ஸ்அப் ஆகியவை இரண்டாவது கடைவாசலாகிவிட்டன. இந்த உத்தியில் நியாயமும் உண்டு, மோசடியும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

நியாயத்துக்குக் காரணங்கள் தெளிவானவை. கண்டியின் வாடிக்கையாளர்கள் ஒரே வகையினர் அல்லர். தலதா மாளிகைக்கு வரும் யாத்திரிகர், பேராதனைப் பூங்காவைக் காண வரும் வெளிநாட்டவர், கலியாணப் புடவை எடுக்க வரும் மலையகக் குடும்பத்தினர் ஆகியோர் வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு தளங்களில் தேடுகிறார்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தனித்தனிப் பக்கம் வைப்பது அவர்களுக்குச் செய்யும் சேவையே.

இன்னொரு காரணத்தைக் கண்டி பட்டறிந்து கற்றது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் ஆகியவற்றை நாடு முழுவதும் ஒரு வாரமளவில் முடக்கியது. பேஸ்புக்கை மட்டும் நம்பியிருந்த சிறு விற்பனையாளர்களுக்கு அந்நாட்களில் வாடிக்கையாளரை எட்ட வழியில்லாமல் போனது. ஒரே தளத்தை நம்பக் கூடாது, பல தளங்களோடு சொந்த இணையத்தளமும் தொலைபேசிப் பட்டியலும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

மோசடி தொடங்குவது முகமூடியில். ஒரே விடுதி நான்கு பெயர்களில் பக்கம் திறந்தால், விலை ஒப்பிடும் பயணி நான்கு விடுதிகளை ஒப்பிடுவதாக நம்பி ஒரே முதலாளியிடமே போய்ச் சேர்கிறார். போலிக் கணக்குகளால் தன்னையே புகழ்வதும், போட்டியாளரைத் தூற்றுவதும், முறைப்பாடு பெருகியதும் பழைய பக்கத்தை மூடிப் புதுப் பெயரில் முளைப்பதும் இதே வகை. ரயில் நிலையத்தில் பயணியை மடக்கும் தரகரையாவது நேரில் அடையாளம் காணலாம். போலிக் கணக்குக்கு முகமே கிடையாது. எசல பெரஹரா காலத்திலும், 2025 ஏப்ரலில் புனித தந்தம் காட்சிக்கு வைக்கப்பட்ட ஸ்ரீ தலதா வந்தனா போன்ற பெருங்கூட்ட நாட்களிலும் அறை கிடைக்காத அவசரம் இத்தகையோருக்கு வாய்ப்பாகிறது. இழப்பு பயணிக்கு மட்டுமல்ல. ஒரே பெயரில் நேர்மையாகத் தொழில் செய்யும் சிறு விடுதிக்காரருக்கும்தான்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் ஏற்கெனவே தடைசெய்கிறது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் போலிக் கணக்குகளைப் பற்றிப் பேசினாலும், கருத்துச் சுதந்திரத்தை நெருக்கும் என்ற கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. கடைக்காரரின் பொய் விளம்பரத்தைப் பிடிக்க அதை எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதுவும் நுகர்வோர் பாதுகாப்பின் பெயரிலேயே வந்தது.

செய்ய வேண்டியவை மூன்று. ஒவ்வொரு வணிகப் பக்கத்திலும் பதிவு செய்த பெயர், பதிவு இலக்கம், முகவரி ஆகியவை இருக்க வேண்டும். தங்குவிடுதியாயின், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இலக்கமும் சேர வேண்டும். ஒரே உரிமையாளரின் பக்கங்கள் தமக்குள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நுகர்வோர் அதிகார சபை, கடைகளைச் சோதனையிடுவது போல, பெரஹராவுக்கு முந்திய வாரங்களில் இணைய விளம்பரங்களையும் சோதிக்க வேண்டும்.

கண்டியின் வர்த்தக சங்கங்கள் அதிகாரிகளுக்காகக் காத்திருக்காமல், முதல் இரண்டையும் தம் உறுப்பினருக்கு இப்போதே விதியாக்க வேண்டும்.