விலை ஏறுகிறது சரி, வாங்குவது யார்?

போன மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் கைபேசியை நீட்டி, "மாமா, ஏறிக்கிட்டே இருக்கு, பாத்தியளா?" என்றான். ஏதோ ஒரு புதுக் கிரிப்டோ காசு. விலைக்கோடு ஏணி மாதிரி மேலே போயிருந்தது. மகள் காலேஜ் படிப்புக்கென்று சேர்த்த பணத்தை அதில் போட்டிருக்கிறான். "அப்ப பாதிய வித்துரு" என்றேன். அன்று ராத்திரியே விற்கப் பார்த்தான். கொஞ்சம் விற்றதுமே விலை சரிந்தது. மீதியை வாங்க ஆளே இல்லை.

மறுநாள் இருவரும் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். விலைக்கோட்டுக்குக் கீழே சின்னச் சின்னக் கம்பிகள் நிற்கும். அந்தந்த நேரத்தில் எவ்வளவு கைமாறியது என்று காட்டுபவை அவை. வால்யூம் என்கிறார்கள். கோடு ஏற ஏறக் கம்பிகள் குட்டையாகிக்கொண்டே வந்திருந்தன. அவன் மேலே மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

தெரேசுபுரத்து மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே ஒரு சீலா மீன் வந்து, கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் கேட்ட விலைக்கு எடுத்துப் போனால், சீலா விலை ஏறிவிட்டது என்று எந்த வியாபாரியும் நம்பமாட்டார். நூறு கூடை வந்தும் அதே விலை நின்றால்தான் நம்புவார். அதே கணக்குதான் இங்கும். விலையோடு வால்யூமும் ஏறினால் பலர் வாங்குகிறார்கள். விலை ஏறி வால்யூம் இறங்கினால் ஏற்றத்துக்குப் பின்னால் ஆள் குறைகிறது. விலை விழும்போது கம்பி உயர்ந்தால் பலர் விற்றுவிட்டு ஓடுகிறார்கள். இது ஜோசியம் அல்ல, ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கம்பியையும் அப்படியே நம்ப முடியாது. ஏலத்தில் தன் ஆளையே நிறுத்தி விலை கேட்க வைப்பது பழைய தந்திரம். கிரிப்டோவில் ஒரே ஆள் இடது கையால் விற்று வலது கையால் வாங்குவான். கணக்கில் வியாபாரம் பெருகும். 2019 மார்ச்சில் பிட்வைஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையத்திடம் ஓர் ஆய்வைக் கொடுத்தது. சந்தைகள் சொல்லிக்கொண்ட பிட்காயின் வால்யூமில் சுமார் 95 சதவீதம் போலி என்றது அது. பிட்காயினுக்கே இந்தக் கதி என்றால் பேர் தெரியாத காசுகளைக் கேட்பானேன்.

நம் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. சிப்பிகளை மூடியபடியே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். அதுவும் சூதாட்டம் மாதிரிதான். ஆனால் குளிப்புக்கு முன்பே பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தின் மதிப்பை அரசு கணக்கிடும். விற்பவன், வாங்குபவன் இருவருக்கும் கையில் ஒரு அளவு இருந்தது. இன்று எவ்வளவு வியாபாரம் நடந்தது என்று சொல்வதே கடைக்காரன்தான்.

வரி வாங்குவதால் அரசே இதற்குப் பொறுப்பு என்று சில பென்ஷன் நண்பர்கள் நினைக்கிறார்கள். தவறு. 1.4.2022 முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி. ஒரு காசில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. வரி கட்டிய ரசீது பணத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே 'பூர்ஸ்' என்ற ஒரே சொல்லுக்குப் பணப்பை, மாணவர் உதவித்தொகை, பங்குச்சந்தை என்று மூன்று அர்த்தம். தங்கை மகன் இரண்டாவதற்கு வைத்திருந்ததை மூன்றாவதில் போட்டான். இப்போது முதலாவது காலி.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏறும் கோட்டைக் காட்டினால் திட்டாதீர்கள். கீழே உள்ள கம்பிகளைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, ஒரு சின்னத் தொகையை விற்று வங்கிக்கணக்குக்கு வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் அதை முன்பே கேட்டிருக்க வேண்டும்.