மின்சார மோட்டார் வண்டியின் வருங்காலம்

இனி உலகை ஆளப்போவது மின்சார மோட்டார் வண்டியே எனப் பலரும் உறுதி கூறுகின்றனர். அவ்வண்டியின் நலங்களை யாம் மறுப்பேமல்லேம்; எனினும், அவ்வுறுதியை அவ்வாறே ஏற்க எம் உள்ளம் இசையவில்லை.

இவ்வண்டி புதிதன்று. 1899-ஆம் ஆண்டிலேயே கமில் ஜெனாட்ஸி என்னும் பெல்ஜியர் பாரிஸ் நகருக்கருகே மின்சார வண்டியொன்றை மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டினார். அதற்குமுன் எம்மோட்டார் வண்டியும் அவ்வேகத்தை எட்டியதில்லை. 1900-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ஓடிய மோட்டார் வண்டிகளுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மின்சார வண்டிகளே. பின்னர் நிகழ்ந்ததென்னை? 1908-இல் ஃபோர்டு கம்பெனியாரின் 'மாடல் டி' வெளிவந்து, நாளடைவில் விலை மலிந்தது, 1912-இல் காடிலாக் வண்டியில், கைப்பிடியாற் சுழற்றாமலே பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பும் கருவி அமைந்தது, டெக்ஸாஸில் எண்ணெய் பெருகிற்று, நெடுஞ்சாலைகள் நீண்டன. 1935-ஆம் ஆண்டுக்குள் மின்சார வண்டி பெரும்பாலும் மறைந்தொழிந்தது. தன் குறையால் மட்டுமன்று, தன்னைச் சூழ்ந்தவை மாறியமையாலும் அது வீழ்ந்தது.

இன்று நிலைமை வேறு என்பர். ஆம்; 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம் பழைய ஈயக்கலத்தினும் மிகச் சிறந்தது. நார்வேயில் 2024-இல் விற்ற புது வண்டிகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 89 மின்சார வண்டிகளே. ஆயினும், அந்நாட்டில் மின்சாரம் பெரும்பாலும் நீர்வலியாற் கிடைப்பது. அரசாங்கமும் பல்லாண்டுகளாக வரிச் சலுகை அளித்துவந்தது. ஜெர்மானிய அரசாங்கம் 2023 டிசம்பரில் உதவித்தொகையை நிறுத்தவே, 2024-இல் அங்கு விற்பனை நான்கிலொரு பங்கிற்கு மேற் குறைந்தது. மறு ஆண்டில் அது மீண்டும் உயர்ந்ததாயினும், ஊன்றுகோலை எடுத்தவுடன் தள்ளாடியதை மறத்தல் ஆகாது.

நம் நாட்டிலோ மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியினின்று பிறக்கின்றது. தெருவில் நீங்கிய புகையுள் ஒரு பகுதி மின்நிலையத்தின் புகைபோக்கியில் எழுகின்றது. மின்கலங்கள் பலவற்றிற்கு வேண்டிய கோபால்ட் பெரும்பாலும் காங்கோ நாட்டினின்று வருவது. அங்குள்ள சிறு சுரங்கங்களிற் சிறுவரும் உழைக்கின்றனர். நம் தெருவின் தூய்மைக்குப் பிறர் பிள்ளையின் உழைப்பை விலையாகக் கொடுத்தல் அறமாகுமோ?

ஆதலின் மாணாக்கர் இவ்வண்டி வெல்லுமோ தோற்குமோ என்று வாதிடுதலை விடுத்து, மூன்று வினாக்களை வினவுவாராக: மின்சாரம் எங்கே பிறக்கின்றது? கலத்தின் உலோகத்தைத் தோண்டிய கை யாருடையது? தேய்ந்த கலம் எங்கே போய்ச் சேரும்? இவற்றிற்கு நேரிய விடை கிடைக்குங்காறும் எம் ஐயம் நீங்காது. அவ்விடைகளைக் காணும் கடமை இக்கல்லூரியினின்று வெளிச்செல்லும் இளைஞர்க்கும் உரியதாம்.