ஊதியவர் பெயர் என்ன?



திருச்சுழிக்கு அப்பால், சீமைக் கருவேலங் காடுகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரில், கடந்த தவக்காலத்தில் முதியவர் ஒருவரை நல்லடக்கம் செய்தோம். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்தபின் அவர் இல்லத்தாரைக் காணச் சென்றோம். பேரப்பிள்ளை ஒரு தகரப் பெட்டியைத் திறந்து நம்முன் வைத்தான். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு கிளாரினெட்டு இருந்தது. அதன் அடியில் ஒரு நிழற்படம். தொப்பியும் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையும் அணிந்த பதினொரு பேர், சப்பரத்தின் முன் தத்தம் கருவிகளோடு நிமிர்ந்து நின்றனர்.

"சாமி, இது எங்கள் தாத்தா. மற்ற பத்துப் பேரும் யார்?" என்று கேட்டான் பிள்ளை. நமக்குத் தெரியவில்லை. பாட்டியம்மாவிடம் காட்டினோம். "இவர் அருப்புக்கோட்டையிலிருந்து வருவார், சாமி, டிரம்பட்டு ஊதுவார். இவர் பெரிய மேளம். இந்தப் பையன் தாளம் போடுவான்" என்று விரல் வைத்துச் சொன்னார். பெயர்கள்? "மாமா என்றும் அண்ணன் என்றும்தானே கூப்பிட்டோம், பெயர் யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்வி வீடு திரும்பியும் நம்மை விடவில்லை. பம்பாய் நகரிலும் இதே கேள்வியை ஒரு தலைமுறை கேட்டிருக்கிறது. அவ்வரலாற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசை, 1930களில் பெரும் வாத்தியக் குழுக்களின் இசையாக வளர்ந்தது. டிரம்பட்டு, டிராம்போன், சாக்சபோன், கிளாரினெட்டு ஆகியவற்றோடு பியானோவும் டிரம்சும் சேர, ஏறத்தாழ பதினைந்து பேர் ஒரு குழுவாக அமர்வர். பித்தளைக் கருவிகள் ஓர் அடி முழங்க, சாக்சபோன்கள் மறுஅடியால் விடை கூறும். இடையில் ஒருவர் எழுந்து, எழுதி வைத்ததை விட்டுத் தம் கற்பனையில் வாசிப்பார். நம் நாதசுரக் கச்சேரியில் ஒருவர் இராக ஆலாபனை செய்ய, ஏனையோர் காத்திருக்கும் அழகை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1935இல் லியோன் ஆபி என்ற கறுப்பின இசைஞர் தம் குழுவோடு பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்து வாசித்தார். பின்னர் டெடி வெதர்போர்டு என்னும் பியானோ கலைஞர் அங்கே குழு நடத்தினார். 1945இல் கல்கத்தாவில் வாந்திபேதி கண்டு அவர் இறந்தார். இத்தகைய குழுக்களில் இடம்பெற்று, பின்பு தாமே குழுக்களை நடத்திய இந்தியர் பலர் கோவாவின் கத்தோலிக்கர்.

அவர்கள் எங்கே கற்றனர்? பங்குக் கோயில்களிலேயே! போர்த்துக்கீசியர் ஆண்ட காலத்தில், பங்குகளைச் சார்ந்த பள்ளிகளில் சிறுவர்களுக்குச் சுரக் குறிப்புகளைப் பார்த்துப் பாடவும் வயலின் வாசிக்கவும் கற்பித்தனர். கற்பித்தவரை 'மேஸ்திரே' என்று அழைத்தனர். நம்மூரில் கொத்தனாரை நடத்துபவரை மேஸ்திரி என்கிறோமே, அதுவும் அதே போர்த்துக்கீசியச் சொல்தான். திருப்பலியில் பாடக் கற்ற சிறுவர், பிழைப்பைத் தேடிப் பம்பாய் சென்று ஓட்டல்களில் டிரம்பட்டு ஊதினர்.

அல்தோனா ஊரில் 1916இல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ் என்பவர் 'சிக் சாக்லேட்' என்ற பெயரில் புகழ்பெற்று, இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்றே அழைக்கப்பட்டார். பம்பாய் மாகாணத்தில் மதுவிலக்கு வந்தபின் ஓட்டல் இசை நலிந்தது. இசைஞர் பலர் திரைப்பட அரங்குகளையே பெரிதும் நம்ப வேண்டியதாயிற்று. சிக் சாக்லேட், இசையமைப்பாளர் சி. இராமச்சந்திராவுக்குத் துணைநின்று, 1951இல் வெளிவந்த 'அல்பேலா' படத்துக்கு உழைத்தார். 1958இல் நம் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னுக்கு இசையமைத்தவரும் அதே இராமச்சந்திராதான். மெட்டு ஒருவருடையதாக இருக்கும். அதை ஐம்பது கருவிகளுக்கும் பிரித்து எழுதிக் கொடுப்பவர் கோவாக்காரராக இருப்பார். சங்கர்-ஜெய்கிஷனுக்கு அவ்வாறு எழுதியவர் செபஸ்தியான் டிசூசா. ஆயின், வாசித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் திரையில் தோன்றவில்லை. அன்றைய கூலியைப் பெற்றுக்கொண்டு அவர்கள் வீடு திரும்பினர்.

அப்படியானால் இன்று நமக்கு இப்பெயர்கள் எப்படித் தெரிகின்றன? நினைத்தவர்கள் இருந்ததால்தான்! மஜோர்தா ஊரினரான அந்தோனி கொன்சால்வஸ், பியாரேலால் என்ற சிறுவனுக்கு வயலின் கற்பித்தார். அச்சிறுவன் வளர்ந்து, 1977இல் 'அமர் அக்பர் அந்தோணி' படத்துக்கு இசையமைத்தபோது, நாடே பாடிய ஒரு பாடலில் ஆசிரியரின் பெயரை வைத்து நன்றி செலுத்தினார். நியூசிலாந்துப் பேராசிரியர் கிரகோரி பூத், வயது முதிர்ந்த இசைஞர்களைத் தேடிச் சென்று அவர்கள் வாய்மொழியைக் கேட்டு 2008இல் நூலாக்கினார். பத்திரிகையாளர் நரேஷ் பெர்னாண்டஸ் குடும்பங்கள் போற்றி வைத்த படங்களையும் நினைவுகளையும் திரட்டி, 'தாஜ்மகால் பாக்ஸ்டிராட்' என்ற நூலை 2012இல் தந்தார். இவ்விசைஞர்களின் வாழ்வைக் கூறும் 'நாச்சோம்-இயா கும்பசார்' என்ற கொங்கணித் திரைப்படம் 2015இல் தேசிய விருது பெற்றது. நம் நாட்டிலும் இதற்கு ஒப்பு உண்டு. பண்ணைப்புரத்து இளையராஜா தமக்கு மேனாட்டு இசையைக் கற்பித்த தன்ராஜ் மாஸ்டரின் பெயரை மேடைதோறும் சொல்லி வருவதால்தானே நாம் அவரை அறிந்தோம்!

இங்கே நம் குற்றம் ஒன்றையும் மறைக்காது கூற வேண்டும். இப்பங்குக்கு நாம் வந்த முதலாண்டுத் திருவிழாவில், "செலவு மிகுதி, சுருதியும் சேரவில்லை" என்று பேண்டு வாத்தியத்தை நிறுத்தியவர் நாமே. மாற்றாக ஒலிபெருக்கியும் பதிவு செய்த பாடல்களும் சப்பரத்தின் முன் சென்றன. அந்தப் பெரியவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையில் மெழுகுவர்த்தி ஏந்தி, பவனியின் கடைசி வரிசையில் நடந்து வந்தார். அவர் யார், யாரிடம் கற்றார் என்று கேட்க நமக்கு ஆறு ஆண்டுகள் இருந்தன. கேட்கவில்லை. பெட்டி திறந்த அன்று, கேட்பதற்கு அவர் இல்லை.

கோயிலுக்கு ஏற்ற இசை அன்று எனச் சிலர் ஜாஸை இகழ்ந்ததும் உண்டு. பெருங்குழு நடத்திய டியூக் எலிங்டன் 1963இல் தம் குழுவோடு நம் நாட்டுக்கு வந்து சென்னையிலும் வாசித்தவர். அவரே 1965இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் திருஇசைக் கச்சேரி நடத்தினார். தம் பணிகளிலெல்லாம் அதுவே தலையாயது என அவர் கருதினார். சாக்சபோனைக் கருநாடக இசைக்குப் பழக்கிய கத்ரி கோபால்நாத் அக்கருவியை முதலில் கேட்டு மயங்கியது மைசூர் அரண்மனை பேண்டில். எந்தக் கருவி எவர் கையில் எங்கே போய்ச் சேரும் என்பதை நாம் எப்படி அறிவோம்?

ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் ஒரு காரியம் செய்க. வீட்டிலுள்ள பழைய படங்களைச் சுவரிலிருந்து இறக்குங்கள். இன்னும் உயிரோடிருக்கும் மூத்தவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். கைப்பேசியில் ஆயிரம் படங்களைச் சேர்க்கும் பிள்ளைகளுக்கு இது அரை நாள் வேலை. நவம்பர் மாதத்தில் இறந்தோர் பெயர்களைக் கோயிலில் வாசிக்கிறோம். பெயர் தெரிந்தால் அன்றோ வாசிக்க இயலும்?

இவ்வாண்டுத் திருவிழாவுக்குப் பேண்டு வாத்தியம் மீண்டும் வருகிறது. செலவைக் குறைக்க வாணவேடிக்கையைச் சுருக்கிக்கொள்ள ஊர்ப் பெரியவர்கள் இசைந்துள்ளனர். பேரப்பிள்ளை கிளாரினெட்டைச் செப்பனிட எடுத்துச் சென்றிருக்கிறான்; கற்பானா என்பது இனித்தான் தெரியும். பதினொருவரில் எழுவர் பெயர்களை இதற்குள் அறிந்துவிட்டோம். நால்வர் எஞ்சியுள்ளனர். அப்படம் இப்போது நம் பங்கு அலுவலகச் சுவரில் தொங்குகிறது. அவ்வழியே வருவோர் ஒருமுறை நின்று பார்த்துச் செல்லுங்கள். உங்கள் தாத்தா அங்கே நிற்கக்கூடும்.